பக்கத்துத் தோட்டத்துப் பச்சை

பல் விளக்கிக்கொண்டே பக்கத்துத் தோட்டத்தைப் பார்ப்பது அப்புசாமியின் காலை வழக்கம். வாயில் நுரை, கண் லட்சுமணசாமியின் உருளைக்கிழங்குச் செடிகளில். தன் தோட்டத்தையும் பார்ப்பார், ஆனால் பிறகு. ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

"பொறாமையெல்லாம் நமக்கு ஆவாதுங்க" என்பார். ஆளைப் பார்த்தால் நம்பத் தோன்றும். வெள்ளைச் சட்டை, கனிந்த குரல், நாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார். ஆனால் லட்சுமணசாமி சொட்டுநீர்க் குழாய் போட்ட மாதமே இவரும் போட்டார். அவர் மோட்டார் ரூமுக்கு நீலம் அடித்தார். இவர் அதைவிட அழுத்தமான நீலம் தேடித் துடியலூர் வரை போய்வந்தார். பொறாமையால் உருப்பட்ட விவசாயி யாராவது உண்டென்றால் அது அப்புசாமிதான்.

இந்தத் தடவை முந்திக்கொள்வது என்று தீர்மானித்து, லட்சுமணசாமிக்கு ஒரு வாரம் முன்பே விதைக்கிழங்கை நட்டுவிட்டார். வினை அங்கேதான் வந்தது. கிழங்கு தோண்டுவதற்கு முன் மேலே நிற்கும் தழையைத் தரையோடு வெட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து நாள் கிழங்கு மண்ணுக்குள் கிடந்தால்தான் தோல் முற்றும். அவசரப்பட்டால் மூட்டையில் உரசியே தோல் உரிந்து, மேட்டுப்பாளையம் மண்டியில் சீந்த ஆள் இருக்காது. முதலில் நட்டவர் முதலில் வெட்ட வேண்டும். அதாவது, லட்சுமணசாமியின் பச்சை தளதளவென்று நிற்க, பக்கத்திலேயே தன் தோட்டம் மொட்டையாகக் கிடக்க வேண்டும். அப்புசாமி இதை யோசித்திருக்கவில்லை.

மனைவி தெய்வாத்தாள் அரிவாளைத் தீட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஏனுங்க, அடித்தழை மஞ்சளாயிப்போச்சு. வெட்டிப்போடலாமுங்க."

"ரோட்டுல போறவன் பாத்தா, அப்புசாமி வெள்ளாமை பட்டுப்போச்சும்பான், அம்மணி."

"போறவன் தழையவா வறுத்துத் திங்கறான்?"

அந்தச் சமயம் பார்த்து லட்சுமணசாமி வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க அப்புசாமி, என்னத்தைப் போட்டு வளத்துனீங்க? உங்க தழையப் பாத்தா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குதுங்க."

பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்களாக இத்தனை வருடம் இருந்தும் அப்புசாமி காதில் விழாத வார்த்தை அது. அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது. லட்சுமணசாமிக்கு இன்னும் கொஞ்ச நாள் தூக்கம் கெடட்டும் என்று அரிவாளை எடுத்துப் பரணில் போட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை, வாய் நிறைய நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். லட்சுமணசாமி தோட்டம் முழுக்க ஆட்கள். பாதித் தழை ஏற்கெனவே தரையில். வாயைக் கொப்பளிக்காமலேயே ஓடி, ஆட்களைக் கூட்டிவரும் அன்புமணியை வேலியோரம் கூப்பிட்டார்.

"நம்ம தோட்டத்துக்கு எப்ப வாரீங்க?"

"அடுத்த வாரந்தானுங்க பாக்கோணும். வேற ஊர்ல வேலை ஒத்துக்கிட்டமல்லோ."

"அவரு நட்டதே எனக்குப் பின்னாடிதானுங்க!"

"அது கெழங்குக்குத் தெரியுமுங்க. உங்களுக்குத்தான் வெட்ட மனசு வரலீன்னு லட்சுமணசாமி அண்ணன் சொன்னாரு."

மத்தியானத்துக்குள் அந்த ரோட்டில் பச்சையாக நின்றது அப்புசாமியின் தோட்டம் மட்டும்தான். பஸ்ஸில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஒப்பிட ஆளில்லாத பச்சையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாயங்காலம் அவரே பரணில் ஏறி அரிவாளை இறக்கினார்.

தனி ஆளாகத் தழையை வெட்டி முடிக்க ஒரு வாரம் பிடித்தது. அதற்குப் பிறகு சில நாள் போனதும் தன் தோட்டத்தில் ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். தோல் ஈரக் காகிதம்போல் வழுக்கிக்கொண்டு வந்தது.

அன்று லட்சுமணசாமி அவிநாசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அப்புசாமி வேலியைத் தாண்டி அவர் தோட்டத்துக்குள் இறங்கினார். உட்கார்ந்து, விரலாலேயே மண்ணைக் கிளறி ஒரு கிழங்கை எடுத்தார். பெருவிரலால் தேய்த்தார். தோல் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்த்தார். அசையவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நகத்தை வைத்துச் சுரண்டினார். ஒரு துளி உரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நகம் பட்ட பக்கத்தைக் கீழே வைத்து, மண்ணைத் தள்ளி, மேலே தட்டிவிட்டார்.