குழாயடியில் கழுவிய கால்கள்

எங்கள் தோட்டத்துக் கோவிலில் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு இரண்டு முறை நடக்கும். வேறெந்த ஊரிலும் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. இருக்காது என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலப் பூசையில் ஃபாதர் வெள்ளிக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவுவது இரண்டாவது. அதற்குத்தான் போட்டோ எடுப்பார்கள். முதலாவது நாலு மணிக்கு, கோவிலுக்குப் பின்னால் குழாயடியில் நடக்கும். அதைச் செய்வது என் பெரியம்மா.

விஷயம் இதுதான். இயேசு பாடுபடுவதற்கு முந்தின நாள், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தம்முடைய சீடர்களின் கால்களை ஒவ்வொருவராகக் கழுவிவிட்டார். அவர்களும் ஒருவருக்கொருவர் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டும் போனார். அதை நினைத்து வருடா வருடம் பன்னிரண்டு ஆண்களை பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து, ஃபாதர் அவர்களுடைய வலது காலைக் கழுவுவார். எங்கள் ஆட்களோ லாபு பக்கம் செம்பனைக் காட்டில் சேற்றிலும் உரத்திலும் நடக்கிறவர்கள். அந்தக் காலை எப்படி ஃபாதர் கையில் கொடுப்பது! என்றைக்கோ ஒரு மகராசன் யோசித்து, பூசைக்கு முன்பே அந்தக் கால்களைத் தேய்த்துக் கழுவிப் பவுடர் போட்டு வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறான். சுத்தமான காலைக் கழுவ ஃபாதர், அழுக்குக் காலைக் கழுவ பெரியம்மா. இதில் யாருக்கும் ஒரு உறுத்தலும் இருந்ததில்லை.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. பெரியப்பா இறந்ததிலிருந்து எங்களோடு லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. கோவிலைக் கூட்டுவது, உருகிக் கிடக்கும் மெழுகைச் சுரண்டுவது, பீடத்துத் துணியைத் துவைப்பது எல்லாம் அவள்தான். யாரும் செய்யச் சொன்னதில்லை. யாரும் வேண்டாமென்றதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மண்டோர் மகள் என்னை "கால் கழுவுறவங்க வீட்டுப் பொண்ணு" என்பாள். வேலைக்காட்டில் அத்தனை ஆட்களையும் விரட்டி வேலை வாங்குகிற மண்டோரின் மகளிடம் நான் என்ன பேச முடியும்? எனக்கு வந்த கோபத்தையெல்லாம் பெரியம்மா மேல் காட்டினேன். கோவிலில் அவள் பக்கத்தில் உட்காரமாட்டேன். அவள் கையால் தலை வாரிக்கொள்ளமாட்டேன். சரியான பிசாசு நான். அவளோ ஒன்றும் நடக்காததுபோல அம்மாவிடம் சீப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக அப்பாவைச் சேர்த்தார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது சொன்னால் சிரிப்பு வரும். அப்பா முன்பு குடித்தவர். குடித்துவிட்டுக் கோவில் வாசலிலேயே விழுந்து கிடந்தவர். அந்த நாற்காலியில் உட்காரும் யோக்கியதை அவருக்கு எந்தக் காலத்திலும் வராது என்று கோவில் கமிட்டித் தலைவராக இருந்த மண்டோர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். அப்பா இரண்டு வருடமாகத் தொடவில்லை. அந்த வருடம் பன்னிருவரில் ஒருவர் மம்பாவுக்கு வீடு மாறிப் போய்விட, மண்டோரே எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவைக் கேட்டார். அம்மா அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மண்டோர் மகளிடம் போய், "ஃபாதர் எங்கப்பா காலுக்கு முத்தம் குடுக்கப் போறாரு, தெரியும்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்பில் உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அப்பாவின் புது வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து, கசங்காமல் கொண்டுபோகச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். நான் போகும்போது குழாயடியில் ஒரே கூத்து. பெரியம்மா பலகை போட்டு உட்கார்ந்து தேங்காய் நாரால் உள்ளங்காலைத் தேய்க்க, கனத்த ஆண்பிள்ளைகளெல்லாம் கூச்சம் தாங்காமல் நெளிந்து, "ஐயோ அக்கா, போதும்லா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கழுவி முடித்தவர்கள் பவுடர் போட்ட காலோடு, தரையில் படாமல் பெஞ்சு மேலேயே நடந்து போனார்கள். அப்பா தன் முறையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்து, எல்லோரும் போன பிறகு கடைசியாக உட்கார்ந்தார். பூட்சைக் கழற்றவில்லை.

"கால நீட்டுங்க தம்பி," என்றாள் பெரியம்மா.

"இடது கால் மட்டும் போதும் அண்ணி."

"ஃபாதர் வலது காலத்தானே கழுவுவாரு?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வலது பூட்சைப் பிடித்து இழுத்துவிட்டாள். சாக்ஸைக் கழற்றியதும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். செத்த எலியின் நாற்றம். உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு துளை. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறி, நடுவில் கறுத்திருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் செம்பனை மட்டை முள் பூட்சைத் துளைத்து ஏறியதாம். பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்.

பெரியம்மா விரலால் அழுத்திப் பார்த்தாள். அப்பா அசையவில்லை. மற்றவர்களெல்லாம் நாருக்கே துள்ளினார்களே, என் அப்பா புண்ணைத் தொட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"வலிக்கல அண்ணி. சத்தியமா. அதான் நானும் பெருசா எடுத்துக்கல."

"வலிக்கலன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் பெரியம்மா. பெரியப்பாவுக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி இருந்தது. அவருக்கும் இப்படி வலியே இல்லாமல் காலில்தான் ஆரம்பித்தது. அப்பாவுக்கும் இனிப்பு நீர் உண்டு; மாத்திரையை எப்போதாவது நினைவு வந்தால் போடுவார். "இப்பவே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். எந்திரிங்க."

அப்பா கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. இன்று உட்காராமல் போனால் மறுபடியும் குடிக்கப் போய்விட்டான் என்றுதான் மண்டோர் சொல்வார்; திருநாள் முடியட்டும், திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் போகிறேன் என்றார். பெரியம்மா கேட்கவில்லை. அப்பா அவள் பேச்சைக் கேட்கமாட்டார், அம்மா பேச்சையும் கேட்கமாட்டார், ஆனால் ஃபாதர் ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஃபாதர் அப்போதுதான் டவுனிலிருந்து வந்து, பூசைக்கு உடுப்பு மாற்றும் சின்ன அறையில் இருந்தார். அவர் ஓட்டிக்கொண்டு வந்த காடியும் வெளியே நின்றது.

"ஓடும்மா. ஃபாதர்கிட்டப் போயி, அப்பா கால் அழுகிக் கெடக்கு, பெரியம்மா ஒடனே வரச் சொன்னாங்கன்னு சொல்லு. ஓடு!"

ஓடினேன். அப்பா என்னைத் தடுக்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கோவிலைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் என் தலைக்குள் எல்லாம் ஓடிவிட்டது: காலியான ஒரு நாற்காலி, மண்டோர் மகளின் சிரிப்பு, அடுப்படியில் அம்மாவின் அழுகை. அறை வாசலில் போய் நின்றேன். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா வேணும்?"

"குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேக்கச் சொன்னாங்க ஃபாதர்."

"வேணாம்மா. தேங்க்ஸ்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! திரும்பி வந்து இன்னொன்றைச் சொன்னேன். ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவசரம் ஒன்றும் இல்லையாம், திங்கட்கிழமை போனால் போதுமாம் என்றேன்.

"ஃபாதரே சொன்னாரா?"

"ஆமா."

"நெசமாவா?"

"ஆமான்னு சொல்றேன்ல!" என்று எரிந்து விழுந்தேன். ஃபாதர் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளை பொய் சொல்லும் என்று நினைக்கத் தெரியாதவள் பெரியம்மா. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அப்பா மூச்சை விட்டார். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, என் கன்னத்தைத் தட்டினார். அந்தத் தட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பெரியம்மா வெந்நீர் வைத்து உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். பலகையைத் தள்ளிவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "விடுங்க அண்ணி, கையில ஒட்டிக்கும்," என்று அப்பா காலை இழுத்தார். "ஒட்டட்டும்," என்றாள். சீழைப் பிதுக்கிப் பிதுக்கிக் கழுவினாள். பீடத்துக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளைத் துணி ஒன்றைக் கிழித்துக் கட்டினாள். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூக்கைப் பொத்தியபடி தள்ளி நின்றேன். இது எப்போது முடியும், அப்பா எப்போது சட்டையைப் போடுவார் என்பதுதான் என் கவலை.

பூசையில் பதினொரு பேர் வலது காலை நீட்ட, அப்பா மட்டும் இடது காலை நீட்டினார். மண்டோர் முறைத்தார். ஃபாதர் ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டு, அந்த நல்ல காலில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அப்பாவின் கண்களில் நீர் வழிந்தது. அம்மா என் கையை நொறுக்கிவிடுவதுபோலப் பிடித்திருந்தாள். என் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பொய்யாகச் சொல்லவில்லை; அந்த நேரத்தில் எனக்கு ஒரு துளி குற்ற உணர்ச்சியும் இருக்கவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. அப்பா சிலுவைப்பாதை முழுக்க எல்லோரோடும் நடந்தார். சனிக்கிழமை காலையில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பேச்சு குழறியது. சித்தப்பா காடியில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டு போனார். முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். பிறகு மேலே வெட்டினார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, ஓரிரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் காலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை அப்பா இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஃபாதரும் இருந்தார். அன்றைக்குக் குழாயடியில் பெரியம்மா அந்தக் காலைக் கழுவினாள் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கட்டுப் போட்ட துணி பீடத்துத் துணி என்று மண்டோரே அடையாளம் கண்டு சொல்லியிருந்தார். ஃபாதர் தலையில் கை வைத்துக்கொண்டு, "யாராவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே என் காடியில கூட்டிட்டுப் போயிருப்பேனே," என்றார்.

பெரியம்மா நிமிர்ந்தாள். ஃபாதரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

"பாத்துட்டு வாய மூடிக்கிட்டா இருந்தீங்க?" என்று சித்தப்பா எழுந்து நின்று கத்தினார். "கழுவத் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லத் தெரியலயா?"

"சின்னப் புண்ணுன்னு நெனச்சிட்டேன்பா," என்றாள் பெரியம்மா. "ஃபாதர்கிட்ட நாந்தான் சொல்லல. என் தப்புத்தான்."

அம்மா பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என் புள்ளைக்கு அப்பன் இல்லாமப் பண்ணிட்டியேக்கா!" என்று முகத்திலும் மார்பிலும் அடித்தாள். பெரியம்மா கையை உயர்த்தித் தடுக்கவில்லை. பெண்கள்தான் பிடித்து இழுத்தார்கள். அதன் பிறகு ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஆக்கிவைத்த சோற்றைத் தொடவில்லை. கோவில் சாவியை மண்டோர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

நாற்பதாம் நாள் செபம் முடிந்ததும் பெரியம்மா மம்பாவில் இருந்த பெரியப்பாவின் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். வழியனுப்ப யாரும் வரவில்லை. கடைக்குப் போய்விட்டு வரும் வழியில் நான் பஸ் நிறுத்தத்தில் அவளிடம் மாட்டிக்கொண்டேன். ஓடிவிடலாமா என்று பார்த்தேன், அவள் கூப்பிட்டுவிட்டாள். கேட்கப் போகிறாள், ஏண்டி அப்படிச் சொன்னாய் என்று இப்போது கேட்கப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள்.

"நல்லாப் படிக்கணும். அம்மாவ அழ விடாமப் பாத்துக்க, என்ன?"

பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. என்னை ஃபாதரிடம் அனுப்பியதையே பெரியம்மா சுத்தமாக மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வயதானவள்தானே, மறதி வந்துவிட்டது. அந்த மறதியைக் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.