கருவாட்டுப் பேணியும் காஸ் சிலிண்டரும்

கார் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன என் கணவர், பின்னேரம் ஒரு வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னில் கிளேட்டன் பக்கம் இரண்டு அறைகள் கொண்ட ஃபிளாட்டில் இருந்தோம். அவருக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. வாங்கிய வாகனமோ எங்கள் கலியாணத்தை விட வயது கூடிய வான். உள்ளே கட்டில், கைகழுவத் தொட்டி, இரண்டு அடுப்புக் காஸ் குக்கர் எல்லாம் இருந்தன. பக்கவாட்டில் பெட்டி மாதிரி ஒரு நீள இருக்கை. அதற்குள் அலுமாரி, அலுமாரிக்குள் காஸ் சிலிண்டர். சிலிண்டர் நின்ற இடத்தில், தரையில் கை முஷ்டி அளவு ஓட்டை. குனிந்து பார்த்தால் தெரு தெரிந்தது.

"காசையும் குடுத்து ஓட்டையையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்றேன்.

"உமக்கு உது விளங்காது. காஸ் விஷயத்தில நீர் கை வைக்க வேண்டாம், நான் பாத்துக்கொள்ளுறன்."

விற்றவர் அவரிடம் எல்லாம் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். ரப்பர் குழாய் பழசு, உடனே மாற்ற வேண்டும். வாகனம் ஓடும்போது சிலிண்டரின் திருகுத் திறப்பை மூடி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக அந்த ஓட்டையை அடைக்கக் கூடாது. இந்தக் காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் கீழேதான் இறங்கும், இறங்கியது வெளியே போக வழி வேண்டும். இதில் ஒரு சொல்லும் என் காதுக்கு வரவில்லை. ஆய்வுகூடத்தில் சிலிண்டரைச் சரியாகச் சோதிக்காத மாணவர்களை அவர் வாங்கு வாங்கென்று வாங்குவாராம். எங்கள் வானில் அவர் சவர்க்காரத்தைக் கையில் எடுத்ததே கை கழுவத்தான்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் கோடையில் பின்வளவுக் கொடியில் மீன் காயப்போட்டேன். கடையில் கருவாடு கிடைக்காத காலம். மூன்றாம் நாள் பக்கத்து ஃபிளாட்டில் முறைப்பாடு செய்து, வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. மரியாதையான கடிதம்தான். துர்நாற்றம் என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் இருந்தது. என் கணவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு தாளிக்க முன்னம் ஜன்னல்களை எல்லாம் சாத்துவேன், கதவடியில் ஈரத் துணி போடுவேன். என் குசினியில் நானே கள்ளி மாதிரிச் சமைத்தேன்.

ஈஸ்டர் விடுமுறைக்குக் கிழக்கே கடற்கரையோரம், சில்லு வைத்த வீடுகளை நிறுத்தித் தங்குகிற ஒரு கரவன் பார்க்குக்குப் போனோம். நாங்கள் இருவரும், நாலு வயது மகளும். கடைசிப் பத்து மைல் வெறும் கல்லு ரோட்டு. வான் குலுங்கிய குலுக்கில் சட்டி பானை எல்லாம் உருண்டன. பார்க்கிலோ வாகனங்கள் தோளோடு தோள் இடிக்க நின்றன. எங்களுக்குப் பக்கத்துக் கரவனில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரி தனியே இருந்தாள். மடக்குக் கதிரையைப் போட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த கையோடு, எங்கள் பெட்டிகளுக்குள் இருந்த கருவாட்டை எங்கே ஒளிப்பது என்று இடம் தேடத் தொடங்கினேன்.

பால்மா வந்த தகரப் பேணி ஒன்று நிறையக் கொண்டுபோயிருந்தேன். கதவு சாத்தக்கூடிய ஒரே இடம் சிலிண்டர் இருந்த அலுமாரிதான். பேணியை அங்கே வைத்தேன். அப்போதுதான் ஓட்டை கண்ணில் பட்டது. மணம் அதுவழியாக நேரே அவளுடைய கதிரைக்கல்லவா போகும்! பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து, சுருட்டி, நன்றாக இறுக்கி அடைத்தேன். பிள்ளை படுக்கும் இடத்துக்கும் குளிர் வராது என்று எனக்குப் பெரிய திருப்தி.

அடுத்த நாள் பின்னேரம் அலுமாரியைத் திறந்தபோது அழுகிய வெங்காயம் மாதிரி ஒரு நாற்றம் அடித்தது. பேணியின் மூடி இளகிவிட்டது என்று நினைத்தேன். மூடியை இறுக்கி, பேணியை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினேன்.

"என்னமோ நாறுதப்பா" என்றேன்.

"வேறென்ன, உம்மட கருவாடுதான்" என்றார் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

குளிருக்கு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்தோம். நாங்கள் இருவரும் சாரதி இருக்கைக்கு மேலே இருந்த பரணில். மகள் கீழே, அந்த நீள இருக்கையில்.

காலையில் அவள் எழும்பவில்லை. தலையிடிக்குது என்று முனகிவிட்டு மறுபடி கண்ணை மூடினாள். தடிமன் பிடித்துவிட்டது, படுக்கட்டும் என்று போர்த்திவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் அருவருப்பு வருகிறது. அவர் குளிக்கப் போனார். நான் வெளியே துவாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கரவன்காரி மெல்ல வந்து நாலடி தள்ளி நின்றாள். குறை நினைக்க வேண்டாம், உங்கள் வானிலிருந்து கெட்ட மணம் ஒன்று வருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதற்குமேல் அவளை நான் பேசவே விடவில்லை.

"அது எங்கள் சாப்பாடு. பிடிக்காவிட்டால் உங்கள் ஜன்னலைச் சாத்துங்கள்" என்றேன் ஆங்கிலத்தில். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான ஆங்கிலம் நான் பேசியதில்லை. அவளுடைய முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

இங்கேயும் கடிதம் வரப்போகிறது என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பேணியை இழுத்தெடுத்து, கதவை அறைந்து சாத்திவிட்டு, பார்க் வாசல்வரை நடந்து குப்பைத் தொட்டிக்குள் எறிந்தேன். அங்கேயே நின்று அழுதேன். கருவாட்டுக்காக அல்ல. தின்கிற சாப்பாட்டுக்கு வெட்கப்பட வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம்.

பத்து நிமிடம் கடல் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். அதே நாற்றம் முகத்தில் அடித்தது. முன்னையிலும் மோசமாக. பேணியோ குப்பைத் தொட்டியில் கிடக்கிறது. குளித்துவிட்டு வந்திருந்த அவர் உள்ளே தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு நெருப்புப்பெட்டியிலிருந்து குச்சியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, பத்த வைக்காதேங்கோ!"

"ஏனப்பா?"

"கருவாட்டை எறிஞ்சிட்டன். மணம் அப்பிடியே கிடக்கு."

அவர் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். முகம் சாம்பலாகிவிட்டது. குச்சியை உரசாமல் அப்படியே பெட்டிக்குள் வைத்தார். குனிந்து மகளைத் தூக்கினார். அவளுடைய தலை அவர் தோளில் நிற்காமல் பின்னால் தொங்கியது. நான் போட்ட சத்தத்தில் பார்க்கே திரும்பியிருக்கும். எல்லாருக்கும் முதல் ஓடி வந்தவள் அந்தக் கரவன்காரிதான். கதவை அகலத் தள்ளினாள். முழங்காலில் இருந்து அலுமாரிக்குள் கையை விட்டுத் திறப்பை மூடினாள். ஓட்டைக்குள்ளிருந்து என் சேலைத் துணியை உருவி வெளியே போட்டாள்.

மகளைப் புல்லில் கிடத்தி உள்ளங்காலைத் தட்டினோம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தாள். திறந்தவுடனே என் மடி நிறையச் சத்தி எடுத்தாள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. பக்கத்து ஊர் டொக்டர் மத்தியானம்வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். ஒரு குச்சி போதும் உங்கள் மூன்று பேருக்கும் என்றார்.

திரும்பி வந்ததும் என் கணவர் சிலிண்டரை வெளியே எடுத்தார். சவர்க்காரத்தைக் கரைத்துத் தடவிவிட்டுத் திறப்பை இம்மி திருப்பினார். மூட்டுக்குக் கிட்ட ரப்பர் குழாய் வெடித்திருந்த இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. அதைப் பார்த்தபடி இருந்துதான் விற்றவர் சொன்னதை எல்லாம் எனக்குச் சொன்னார். நான் அவரை ஏசவில்லை. துணியைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏச ஆரம்பித்தால் எங்கே நிற்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

பின்னேரம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாயைத் திறக்க முன்னம் அவள் அழத் தொடங்கிவிட்டாள். நேற்றுப் பின்னேரமே மணந்தது என்றாள். இருபது வருடமாகக் கரவனில் திரிகிறவள், காஸ் மாதிரி இருக்கிறதே என்று நேற்றே நினைத்தாளாம். ஆனால் உங்கள் சமையல் வாசமாகவும் இருக்கலாமே, போய்க் கேட்டால் உங்கள் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்துவிட்டாளாம். மகளுடைய காலைப் பிடித்துக்கொண்டு, நேற்றே வந்திருக்க வேண்டும், நேற்றே வந்திருக்க வேண்டும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்று வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்று சொன்னதையேதான் அவளுக்கு நேற்றும் சொல்லியிருப்பேன். அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு, பிள்ளையை அதே இடத்தில் படுக்கப் போட்டிருப்பேன். அதை அவளிடம் சொல்லியிருந்தால் அந்த மனுஷியின் அழுகை நின்றிருக்கும். எனக்கு ஆங்கிலம் போதாமல் இல்லை. நான் சொல்லவில்லை.