நான் ஒதுக்கிய சொத்தைக் கத்திரிக்காய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது இது. காய்கறிக்கு அடிக்கிற பூச்சிமருந்தைப் பற்றிப் புலம்பிப் புலம்பியே பெண்கள் பதினைந்து பேர் ஒன்றுசேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருந்தோம். எங்கே பேச வேண்டும் என்றாலும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்!

கன்னிவாடிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். அங்கே கத்திரி போட்டிருந்த பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கிணற்றோரம் ஒரு சின்னப் பாத்தி தனியாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அது வீட்டுக்குக்கா. அதுக்கு மருந்து அடிக்கிறதில்ல" என்றார் வெள்ளந்தியாக.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்ப நாங்க மட்டும் விஷத்தைத் திங்கணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு உட்கார்ந்து பேசினோம். பத்து சென்ட் கத்திரிக்கு மட்டும் அவர் மருந்தை நிறுத்திப் பார்ப்பது, ஞாயிறுதோறும் அந்தக் காயை எங்கள் தெருவுக்கே கொண்டுவருவது, நாங்கள் வாங்கிக்கொள்வது என்று முடிவானது.

ஒரு மாதம் கழித்து, சொன்னபடியே டவுன் பஸ்ஸில் இரண்டு சாக்கு ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். என் வீட்டு வாசலில் காயைக் கொட்டியதும் எல்லோரும் குனிந்தோம். ஒவ்வொரு காயாக உருட்டி, திருப்பி, காம்படியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, சொத்தை என்றால் ஓரமாகத் தள்ளி... வழக்கமாகச் செய்வதுதானே! செத்த நேரத்தில் கூட்டம் கலைய ஆரம்பித்தது. பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "ஏன்க்கா, மருந்தடிக்காத காயில புழு விழுகாதா? அந்தச் சின்னப் பாத்தியில காய்க்கிறதும் இப்படித்தான் இருக்கும். ஓட்டைய அரிஞ்சு போட்டுட்டு வெஞ்சனம் வச்சிருவேன். மார்க்கெட்டுல இதைக் கழிச்சுப் போடுறாங்கன்னுதான மத்ததுக்கு அடிக்கிறதே! வீட்டுக்காரர் வேணாம்னு சொல்லியும் உங்க பேச்சைக் கேட்டேன். இனிமே முடியாதுக்கா, நாளைக்கே மருந்து அடிச்சிருவேன். கோவிச்சுக்காதீங்க."

என் கூடையைப் பார்த்தேன். அத்தனையும் பளபளவென்று இருந்தன, ஒன்றுகூடச் சொத்தை இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. கூடையை அப்படியே குவியலில் கவிழ்த்துக் கலந்துவிட்டு, "நீயே அள்ளிப் போடும்மா" என்றேன். என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் கவிழ்த்தார்கள். சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து யாரும் பொறுக்கக் கூடாது, அவர் கை அள்ளியதுதான் காய் என்று ஆனது. பதினைந்து பேர் ஒன்பது பேராகிவிட்டோம். ஆனால் அவர் மருந்து அடிக்கவில்லை. இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறார்.

தோட்டத்தில் அப்படிப் பேசியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனாலும், இத்தனை வருடம் எத்தனையோ பேரை மருந்து அடிக்க வைத்ததில் என் கைக்கும் பங்கு உண்டு என்பது, எந்தக் கடையில் காய் வாங்கக் குனிந்தாலும் இன்னும் உறுத்துகிறது.