குங்குமம் வைத்துக் குளத்தில் விட்ட ஆமை

முதல் ஆமைக்குக் கற்பூரம் காட்டியது நான்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் கொழுந்தனார், தன் பிள்ளைகள் கேட்டார்கள் என்று தஞ்சாவூர் வண்ணமீன் கடையில் இரண்டு குட்டி ஆமைகள் வாங்கி வந்தார். கன்னத்தில் சிவப்புக் கோடு போட்டவை. சோற்றுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் நாற்றம் தாங்கவில்லை என்று ஒன்றைக் கோயில் குளத்தில் விட்டார்கள். ஓட்டில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து. பெருமாள் எடுத்த அவதாரமாயிற்றே என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த கோடையில் ஆற்றில் தண்ணீர் நின்று குளம் வற்றியது. எங்கள் குளத்துக் கறுப்பு ஆமைகள் வெயில் காயும் படியில் அந்தச் சிவப்புக் கோட்டு ஆமை மட்டும் கிடந்தது. கறுப்பு ஒன்று ஏறி வந்தால் முட்டித் தள்ளியது. பசுவுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டரிடம் கேட்டேன்.

"அது வெளிநாட்டு சாதிம்மா. மீன் குஞ்சு, தலைப்பிரட்டை எல்லாத்தையும் தின்னும். நம்ம ஆமைக்கு வியாதியும் கொண்டாரும். தொட்டியில வளந்த ஆமையில பாதி, இரை தேடத் தெரியாம வெளியில செத்தே போவும். விட்டதே தப்பு."

புண்ணியமாம், புண்ணியம்!

போன ஆடி அமாவாசைக்குக் குளத்துக்குப் போனால், படியில் கொழுந்தனாரும் ஓரகத்தியும் நிற்கிறார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் இரண்டாவது ஆமை. ஓட்டில் குங்குமம்.

"ஜோசியர் சொல்லிட்டாரு அண்ணி. இது வீட்டுல இருக்கறதாலதான் பெரியவளுக்கு வரன் தள்ளிப்போவுதாம்."

"வாங்கறப்ப ஜோசியரைக் கேட்டீங்களா தம்பி?"

"பெருமாளே ஆமையா வந்தவருதானே. அவரு குளத்துலயே விட்டுடறோம்."

"பெருமாள் மலையைத் தாங்க வந்தாரு. உங்க வீட்டுல வேண்டாம்னு கழிச்சதைத் தாங்கவா வந்தாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. வாளியைச் சாய்க்கக் குனிந்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"அக்கா, உங்க வீட்டுக்கா? ஆமையையா?" ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பயம் எனக்கும் இருந்தது. வெள்ளி, செவ்வாய் தவறாமல் விளக்கேற்றுகிறவள் நான். ஆனாலும் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பழைய சிமெண்டுத் தொட்டியைக் கழுவி, ஏறி உட்காரக் கல் போட்டு, அதில் விட்டேன். என் வீட்டுக்காரர் மூன்று நாள் கொல்லைப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் கீரைத்தண்டு கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

தை மாதம் பெரியவளுக்கு நிச்சயமானது. ஆமை போனதால் வந்த யோகம் என்று கொழுந்தனார் ஊரெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும். புடவை எடுக்கத் தஞ்சாவூர் போனபோது அந்தக் கடையை எட்டிப் பார்த்தேன். கண்ணாடித் தொட்டி நிறைய எலுமிச்சம்பழ அளவில் பச்சைக் குட்டிகள். ஒரு தாயும் மகளும் விரல் நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எவ்ளோ பெருசாவும்னு கேட்டுட்டு வாங்கும்மா. சாகற வரைக்கும் வச்சுக்க முடியும்னா வாங்கு," என்றேன்.

கடைக்காரர் என்னை முறைத்தார். அந்தத் தாய் அவரிடம் கேட்டுவிட்டாள். அவர் பதில் சொல்லும்வரை நானும் நகரவில்லை.