அக்கா மெத்தையில் அணில்

ஒரு கோடை லீவு முழுக்க எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குள் பஞ்சு பெய்தது. மத்தியானம் தரையில் மல்லாந்து கிடப்பேன். தலைக்கு மேல், ஓட்டுக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவில் ஏதோ சரசரவென்று ஓடும். பலகை இடுக்கிலிருந்து ஒரு வெள்ளைத் துணுக்கு கிளம்பும். இறங்கலாமா வேண்டாமா என்று ஜன்னல் வெயிலில் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என் மூக்கில் வந்து உட்காரும். மேலே இருக்கிற யாரோ எனக்கென்று தனியாக அனுப்புகிறார்கள் என்றே நம்பியிருந்தேன். இரண்டாம் வகுப்பு முடித்த என் அறிவு அம்புட்டுத்தான்.

அப்படி ஒரு துணுக்கு அம்மாவின் ரசத்தில் இறங்கிய அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. மச்சில் மூட்டை கட்டிப் போட்டிருந்தது இலவம்பஞ்சு. அக்கா கல்யாணம் முடிந்து போகும்போது மெத்தையும் தலையணையும் கூடப் போக வேண்டும். அதுவும் கடைப்பஞ்சாக இருக்கக் கூடாது. அதற்காக அம்மா வருஷக்கணக்கில் கொட்டை எடுத்துச் சேர்த்த பஞ்சு. அந்த மூட்டையைக் கிழித்து ஓர் அணில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வத்திராயிருப்பு.

"அவிய முன்னாடி பாதி மெத்தையத் தூக்கிட்டா போவா எம்பொண்ணு?" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவின் தம்பி பட்டாளத்திலிருந்து ராஜபாளையத்துக்கு லீவில் வந்திருந்தார். "எங்க ஊரு நாயி ஒண்ணக் கட்டிப்போட்டா அணில் இந்தத் தெருப்பக்கமே வராதுக்கா" என்று, பால் நிறத்தில் ஒரு நாயோடு வந்து இறங்கினார். அது மச்சு ஏணிக்கு அடியில் படுத்தது. மேலே அணில் கபடி ஆடியது. நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

"நல்ல சாதி நாயி. அவசரப்படாது" என்றார் மாமா. நானும் அதன் எதிரில் மரியாதையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அம்மா கைதவறிப் பித்தளை அண்டாவை அதன் முதுகுக்குப் பின்னால் போட்டாள். நான் அலறி அடுப்படி மேடையில் ஏறிவிட்டேன். நாய் கண் திறக்கவில்லை.

"ஏலே, இதுக்குக் காதே கேக்காதுலே!" என்றாள் அம்மா மாமாவிடம்.

மாமா நாயின் காதைத் தூக்கிப் பார்த்தார். "அதான் இனாமாக் குடுத்தானா?"

அடுத்து மாமாவே களத்தில் இறங்கினார். காலையில் அணில் இரை தேடி வெளியே போனதும், கூரையோரம் இருந்த ஓட்டையில் கம்பி வலையை வைத்து ஆணி அடித்தார். ஏணியை நான்தான் பிடித்தேன். ஏணி என்னைப் பிடித்துக்கொண்டது என்பார்கள் வீட்டில். வெற்றி என்று வடை சுட்டுத் தின்றோம்.

வடை இறங்குவதற்குள் அணில் திரும்பிவிட்டது. வலையைப் பிறாண்டியது. ஓட்டின்மேல் நின்று கத்தியது. உள்ளேயிருந்து ஊசி மாதிரி மெல்லிசான சத்தங்கள் பதில் சொல்லின. வீட்டில் எல்லாரும் மச்சுக்குக் கீழே கூடிவிட்டோம். நாய்க்கு மட்டும் நிம்மதி.

"குட்டி உள்ள கெடக்கு மாமா. வலையை எடுங்க" என்றாள் அக்கா.

"ஏட்டி, உனக்கு மெத்தை வேணுமா வேண்டாமா?" என்றார் மாமா.

"மெத்தை கெடக்கட்டும்."

அம்மா பஞ்சை நினைத்தாளோ, அந்தச் சத்தத்தை நினைத்தாளோ, ஏணியை இழுத்து மாமா முன்னால் போட்டாள். "கல்யாண வீட்டுல தாயையும் புள்ளையையும் பிரிக்க வேண்டாம். ஏறுலே மேல."

வலை கழன்று வந்தது. அணில் உள்ளே போனது. பிறகு வாயில் எதையோ சுருட்டிக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, முருங்கைக் கிளை வழியாகப் பின்வீட்டு மாமரத்துக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. அன்று மத்தியானம் முழுக்க நாங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். பஞ்சைத் திருடிக்கொண்டு போகிறது என்று நான் கத்த, மாமா என் வாயைப் பொத்தினார்.

சத்தம் அடங்கிய பிறகு மாமா மச்சில் ஏறித் தட்டிப் பார்த்து, வலையை நன்றாக அடித்தார். கூரையைத் தொட்ட முருங்கைக் கிளையையும் வெட்டினார். அணில் மறுநாள் வந்து வலையை முகர்ந்தது, அப்புறம் வரவில்லை. மிஞ்சிய பஞ்சு மெத்தைக்குச் சரியாக இருந்தது. தலையணைக்குப் போதாமல் என் தலையணையைப் பிரித்தார்கள். என் எச்சிலும் சீரோடு வத்திராயிருப்பு போய்ச் சேர்ந்தது.

கல்யாணம் முடிந்து வேனில் மெத்தையை ஏற்றினார்கள். அக்கா வாசலில் நின்று கூரையைப் பார்த்தாள்.

"நான் போன பொறவு எனக்கும் இப்பிடி அடைச்சிருவியாம்மா?"

"நீ அந்த ஓட்டைக்குள்ள நுழையவே மாட்டக்கா!" என்றேன்.

வேனே சிரித்தது. மாமா சிரித்தார். அக்காகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பாவம், அவளுக்கு ஜோக் புரியவில்லை போல என்று, வேன் தெருமுனை திரும்பும் வரை சேலையைப் பிடித்து இழுத்து இழுத்து விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டை எவ்வளவு சின்னது, அக்கா எவ்வளவு பெரியவள் என்று.