பேன் பார்க்க ஓர் ஆள்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்து சேருவான். என் உம்மா பெற்றது மூன்றும் ஆண். மூன்றையும் மூன்று வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு மருதமுனையில் தனியே இருந்தார். கடைசியாகப் போனவன் நான். கல்முனைக்குடிக்கு வந்த முதல் நாளே, இந்த வீட்டில் என் இடம் எதுவென்று ஒரு குரங்கு எனக்குக் காட்டிவிட்டது.

அவள் பின்வளவுக் கொய்யா மரத்தில் இடுப்புக் கயிற்றோடு இருந்தாள். வரிப்பத்தான்சேனை வயலுக்குப் போன என் மாமனார், காவல்காரன் உரப்பையில் போட்டுக் கொடுத்த குட்டியாக அவளைக் கொண்டு வந்திருந்தார். தாயைப் பற்றிக் கேட்டால், "நாய் துரத்தினதுல உட்டுட்டு ஓடிட்டாம்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். மாமி போத்தல் பால் கொடுத்து வளர்த்தார். எனக்கு முன்னரே வந்தவள் என்பதால் அந்த வீட்டில் அவள் எனக்கு மூத்தவள். அவளை மாமி "மகள்" என்று கூப்பிட்டார், என்னை "மருமகன்" என்றார். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

நான் கிணற்றடிக்குப் போனால் அவள் முதலில் திரும்பி மாமியைப் பார்ப்பாள். மாமி பக்கத்தில் இருப்பது உறுதியானதும் என்னைப் பார்த்து வாயைப் பிளந்து அதட்டுவாள். மாமி இல்லாத நேரங்களில் மிகவும் மரியாதைப்பட்ட பிள்ளை. என் மனைவியின் தங்கையும் இதே முறையைத்தான் கையாண்டு வந்தாள், ஆகவே எனக்குப் பழகிப்போயிருந்தது. போதாக்குறைக்கு எனக்குத் தலையில் மயிர் கிடையாது. மாமாவின் தாடியைக் கண்டால் ஆசையோடு கை நீட்டுகிறவள், என் மண்டையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, இந்த ஆளால் ஒரு பிரயோசனமும் இல்லையென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. கிறீம் பிஸ்கட், பால் தேத்தண்ணீர், பெருநாளென்றால் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். ஒரு பெருநாளைக்கு மனைவியின் தங்கை அவளுக்குச் சட்டை போட்டு டிக்டொக்கில் விட்டாள். பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள் என்று ஊரே பார்த்து மகிழ்ந்தது. அன்று சட்டையைக் கழற்றும்போதுதான் இடது கையைக் கண்டோம். முழங்கைவரை மயிரே இல்லை, உரித்த கோழி மாதிரி இருந்தது. அங்கங்கே புண்.

வேப்பெண்ணெய் பூசினோம், நக்கித் தின்றுவிட்டாள். கண்ணூறு என்று லெப்பை ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எட்ட நின்றே ஓதி ஊதினார். புண் பெரிதாகிக்கொண்டே போனது. மாமி சோறு இறங்காமல் திரிந்தார். கடைசியில் மிருக டொக்டரை வீட்டுக்கே கூட்டிவந்தேன். இளம் பெண். வந்தது பின்னேரம்.

பின்னேரமென்றால் எங்கள் வீட்டுக் குசினிப் படிக்கட்டில் பேன் பார்க்கும் நேரம். முன்னால் மனைவியின் தங்கை, அவளுக்குப் பின்னால் என் மனைவி, அவளுக்குப் பின்னால் மாமி என்று வரிசையாக இருந்து, ஒருவர் தலையை ஒருவர் விலக்கியபடி தெருவிலுள்ள அத்தனை பேரையும் விசாரித்து முடிப்பார்கள். டொக்டர் குரங்கின் கையைத் தொடவேயில்லை, எட்ட நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு இழுபட்டு நிற்கும் தூரம்வரை வந்து, அந்த வரிசையைப் பார்த்தபடி அவள் குந்தியிருந்தாள். விரல்கள் வெறுங்காற்றில் எதையோ விலக்கின. பிறகு கையை மடக்கி, தன் மயிரைத் தானே பிடுங்கினாள்.

"தோல் வருத்தம் ஒண்டும் இல்ல" என்றார் டொக்டர். "நீங்க செய்றதத்தான் இதுவும் செய்யப் பாக்குது. ஆள் இல்லாததால தன்ட கையில செய்யுது. அந்த வீடியோவும் பாத்தன். அது சிரிப்பில்ல, பயம். தன்ட இனத்தோட இருக்கோணும். இப்பிடியே உட்டா புண் பழுத்துச் செத்துப்போகும்."

தாயில்லாத குரங்குகளைக் கூட்டமாக வைத்துப் பார்க்கும் ஓர் இடம் காட்டுப்பக்கம் இருப்பதாகவும் சொன்னார். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்மட ஊருல பொம்புளப் புள்ளய ஊட்ட உட்டு அனுப்புற வழக்கமா? தனிமையெண்டா மாப்புள ஒண்டப் பாருங்க. இஞ்சயே கொண்டு வருவம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அந்தத் தொழிலில் அனுபவமுள்ளவன் நான்தான் என்பது போல. இன்னொரு மரத்தையும் இன்னொரு கயிற்றையும் நினைத்துப் பார்த்தேன். முகம் தெரியாத அந்த மாப்பிள்ளைக்காக மனம் இளகியது.

"மாமி, குரங்குச் சாதியிலயும் நம்மட வழக்கந்தான்" என்றேன். "பொட்ட தாய்ட கூட்டத்த உட்டுப் போகாது. ஆண்தான் வேற கூட்டத்துக்குப் போய் அடி வாங்கும்."

"அப்ப இவள்?"

"இவள அண்டைக்கே உரப்பையில போட்டு ஊட்ட உட்டு அனுப்பியாச்சே."

மாமா அவசரமாகப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார், பாங்கு சொல்ல இன்னும் நேரம் கிடந்தது. மாமி எழுந்து மரத்தடிக்குப் போனார். கயிற்றை அவிழ்த்து, அவளைத் தூக்கிவந்து வரிசையில் தனக்குப் பின்னால் இருத்தினார். சில நாட்கள் அப்படி நடந்தது. பின்னேரம் முழுக்க மாமியின் தலையை விலக்கி விலக்கிப் பார்ப்பாள், புண்ணைத் தொடமாட்டாள். ஆனால் வரிசை கலைந்ததும் திரும்பவும் மரம், கயிறு, தன் கை. மனைவியின் தங்கையின் காதை அவள் கடித்த அன்று, மாமியே என்னிடம் வேன் பிடிக்கச் சொன்னார்.

கொண்டுபோய் விட்டோம். புதிதாகப் போகிறவருக்கு முதலில் அடி விழும் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு அது புதுத் தகவல் அல்ல. வரும் வழியெல்லாம் மாமி அழுதார், எனக்கும் கவலைதான். என்னை அதட்ட வீட்டில் இனி ஒரே ஒருத்திதான்.

மாதங்கள் கழித்துப் பார்க்கப் போனோம். மாமி ஒரு சட்டி வட்டிலப்பத்தோடு வந்தார். கொடுக்கக் கூடாதென்று காவலாளி தடுத்துவிட்டார். மரங்களையும் சேர்த்து அடைத்த பெரிய கூடு. மாமியின் குரல் கேட்டதும் கம்பி வலையோரம் ஓடிவந்து, விரலை நுழைத்து, முக்காட்டுக்குள் நெற்றி மயிரைத் தேடினாள். மாமி தலையைக் குனிந்து கொடுத்தார். அப்போது ஒரு கிழட்டுப் பெண் குரங்கு வந்து, முதுகைக் காட்டி இருந்தது. இவள் விரலை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். கிழவியின் முதுகை இவள் விலக்க, இவள் முதுகை இன்னொன்று வந்து விலக்கியது. இடது கையில் புதிதாக மயிர் முளைத்திருந்தது. திரும்பிப் பார்க்கவேயில்லை.

வேனில் மாமி வட்டிலப்பச் சட்டியை மடியிலேயே வைத்திருந்தார். கல்முனைக்குடி வந்ததும் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குத் திருப்பப் போனேன்.

"திருப்பாதீங்க மருமகன். நேரே உடுங்க, மருதமுனைக்கு."

மருதமுனையென்றால் உம்மா வீடு. கலியாணத்தன்று இறைச்சி போதாமல் போனது பற்றி உம்மா ஒரு வார்த்தை சொல்ல, மாமி இரண்டு சொல்ல, அன்றிலிருந்து சம்பந்திகள் இருவருக்கும் பேச்சில்லை, மச்சி என்ற அழைப்பும் இல்லை. ஸலாம்கூட என் மூலமாகத்தான் போய் வந்தது.

உம்மா கதவைத் திறந்து திகைத்து நின்றார். மாமி வட்டிலப்பச் சட்டியைக் கையில் கொடுத்தார். யாருக்கென்று செய்தது என்பதை நான் சொல்லவில்லை. மாமி நேரே குசினிப் படிக்கட்டுக்குப் போய் மேல்படியில் உட்கார்ந்து, கீழ்ப்படியைத் தட்டினார்.

"இருங்க மச்சி."

உம்மா இருந்தார். மாமி முக்காட்டை விலக்கி, நரைத்த கொண்டையை அவிழ்த்து விரலால் பிரிக்கத் தொடங்கினார். நான் வேன் சாவியோடு முற்றத்தில் நின்றேன். இறைச்சியைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. தலை முழுவதையும் விலக்கிப் பார்த்துவிட்டு மாமி சொன்னார்.

"ஒரு பேனும் இல்லயே மச்சி."

உம்மா கண்ணை மூடியிருந்தார்.

"இல்லாட்டிப் பரவாயில்ல. பாருங்க."