மேற்கே கிடந்த கடல்

என் சிநேகிதியை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போய் அவளைத் தொலைத்தேன். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது நம் ஊர் பெஞ்சும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், நீர்கொழும்பு பஸ் ஸ்டாண்டில் கிடந்த சிமெண்ட் பெஞ்சு. இதை இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் வேறு மாதிரி சொல்லி வைத்தேன். அதையும் சொல்கிறேன்.

தருவைகுளத்தில் நானும் அவளும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டதும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எனக்கு ஞானோபதேச வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்துதான், கூட்டிக் கூட்டித்தான் வாசிக்க வரும். பஸ்ஸின் பலகையை நான் வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனாலும் நாற்பது வருஷம் கருவாட்டு வியாபாரம் பார்த்தேன். புதுக்கோட்டைக்கும் எட்டயபுரத்துக்கும் கூடையோடு தனியாகப் போய் வந்தேன். பஸ்ஸின் நிறம், கண்டக்டரின் முகம், இவை போதும் எனக்கு. வழி கேட்டு நிற்பது மட்டும் என்னிடம் கிடையாது.

அவள் மகன் இளவயதில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன இடத்தில் எஞ்சின் பழுதாகி ஐந்து நாள் தகவல் இல்லாமல் கிடந்தான். இலங்கையில் இருக்கிற மடு மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். திரும்பி வந்தவனை நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து கால்வரை வெள்ளை நூலால் அளந்து எடுத்தாள். அவன் உயரத்துக்கு மெழுகுதிரி, அதற்கு அந்த நூல்தான் திரி. அதை மாதா கோயிலில் ஏற்றுவதாக நேர்ச்சை. அப்போது இலங்கையில் சண்டை. பிறகு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வருஷங்கள் போயின. நூல் பவுடர் டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. போன வருஷம் சர்க்கரை அவள் கண்ணில் ஏறியது. ஆபரேஷன் செய்யலாம், பார்வை நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்குமுன் மாதாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான்தான் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன், “நான் கூட்டிட்டுப் போறேன்ளா” என்று.

அவள் மகன் வளைகுடாவில் இருக்கிறான். இரண்டு கிழவிகள் தனியாகப் போவதா என்று போனில் மறுத்தான். நீ பிறக்கும் முன்னாலேயே நான் தனியாகச் சந்தைக்குப் போனவள் என்று அவன் வாயை அடைத்தேன். மதுரையிலிருந்து விமானத்துக்கு டிக்கெட் போட்டுத் தந்தான்.

நான்கு நாள் திட்டம். தாளில் எழுதவில்லை, மண்டைக்குள்தான். முதல் நாள் இரவு நீர்கொழும்பில் கன்னியர் நடத்தும் விடுதி. மறுநாள் காலை ஏழரைக்கு மன்னார்ப் பக்கம் போகிற பஸ். மாலைக்குள் மடு. அடுத்த நாள் முழுக்க மாதாவின் காலடி. நான்காம் நாள் திரும்பி வந்து விமானம். இதை நான் ஜெபம் ஒப்பிப்பது போல் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். “மாதாவே கொஞ்சம் நில்லுளான்னு சொன்னாலும் நீ நிக்க மாட்ட போலிருக்கே” என்று அவள் கேலி செய்தாள்.

அங்கே இறங்கும்போது இருட்டிவிட்டது. எங்கள் இரண்டு பேர் போனும் அந்த ஊர் மண்ணை மிதித்ததும் செத்துவிட்டன. விடுதிக்குப் போகிற வழியில் கடல் சத்தம் மட்டும் கேட்டது. அலைக்குப் பக்கத்தில்தான் படுக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். கடலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விடிந்ததும் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கினோம். பெஞ்சில் உட்கார்ந்தபிறகுதான் அவள் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தை விடுதிக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்துவிட்டதாகச் சொன்னாள். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. வரும்போது ஆட்டோவில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நடந்தே போய் வந்துவிடலாம்.

“இங்கன இரிளா. அசையாத. இந்தா வந்துருதேன்” என்றேன்.

விடுதி கடலோரம். கடலை நோக்கிப் போனால் விடுதி. இதில் என்ன யோசிக்க இருக்கிறது? சூரியன் அப்போதுதான் தென்னைக்கு மேல் வந்திருந்தது. அதைப் பார்த்து நடந்தேன். பிறந்ததிலிருந்து எனக்குக் கடல் என்றால் வெயில் முகத்தில் அடிக்கிற பக்கம். காலையில் கரைக்குப் போகிறவளுக்குக் கண் கூசும், திரும்பி வருகிறவளுக்கு முதுகு சுடும். இதை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வலது கை எது என்று கற்றுக்கொடுக்காதது மாதிரி.

நடந்தேன். கடை, வீடு, மறுபடியும் வீடு. ரயில் தண்டவாளம் ஒன்று குறுக்கே வந்தது. ஆட்டோவில் வந்தபோது தண்டவாளம் எதையும் தாண்டவில்லையே என்று மனதில் பட்டது. ஆட்டோக்காரன் வேறு பாதையில் வந்திருப்பான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தென்னந்தோப்பு வந்தது. மண் செம்மண்ணாக மாறியது. கடல் ஓரத்து மண் அப்படி இருக்காது என்று தெரிந்த கால்தான், ஆனாலும் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் அலைச் சத்தம் கேட்கும் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

ஒரு முச்சந்தியில் நின்றேன். பலகையில் மூன்று விதமான எழுத்து. நடுவில் இருந்தது தமிழ். கூட்டி வாசிக்கப் பார்த்தேன். படபடப்பில் முதல் எழுத்தே கண்ணில் நிற்கவில்லை. பஸ் நேரம் தாண்டியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. இரண்டு பேரின் பாஸ்போர்ட்டும் என் இடுப்புப் பையில் இருந்தன. அவளிடம் ஒரு துண்டுத் தாள் கிடையாது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் மங்கிய பிறகு, யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். யார், எங்கே என்று கேட்கமாட்டாள். நம் தெருவில் அது சரி. இங்கே எவன் கை நீட்டுவான்? எந்த பஸ்ஸில் ஏற்றுவான்? போலீஸ் வந்து கேட்டால் எந்த ஊர், எந்த விடுதி என்று என்ன சொல்வாள்? விடுதியின் பெயர்கூட என் மண்டைக்குள்தானே இருக்கிறது. எல்லாவற்றையும் நானே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் மகனுக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போது பின்னாலிருந்து ஒரு காற்று வந்தது. அதில் கருவாட்டு வாசம். காய்ந்த வாசம் இல்லை, உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்து முதல் வெயிலில் விரிக்கும்போது வருகிற ஈர வாசம். நம் ஊரில் மேற்கேயிருந்து வருகிற காற்றில் புழுதிதான் இருக்கும். இங்கே மேற்கே கருவாடு மணந்தது. முதுகுக்குப் பின்னால் கடல். அந்த ஊரில் சூரியன் போய் விழுகிற பக்கம் கடல் என்று அந்த முச்சந்தியில்தான் எனக்குப் புரிந்தது. பூமியையே யாரோ என் காலடியில் திருப்பி வைத்துவிட்டது போல் இருந்தது. இனி எந்தப் பக்கத்தை நம்புவது?

ஒரு வீட்டு வாசலில் பெண்ணொருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியவில்லை, எனக்கு வாசிக்கவும் வராது என்றேன். எழுபது வருஷத்தில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அவள் நல்ல தமிழில், “பயப்படாதீங்கோ அம்மா, அது அங்கால இருக்கு” என்று நான் வந்த பக்கம் காட்டி, விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, பெரிய ரோடு வரை என் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பெஞ்சு காலி.

பை இல்லை, அவள் இல்லை. பெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். ஏன் தொட்டேன் என்று தெரியவில்லை. சூடாக இருந்தால் இப்போதுதான் எழுந்து போயிருப்பாள் என்று நினைத்தேன் போல. வெயிலில் கிடக்கிற சிமெண்ட் சூடாகத்தானே இருக்கும். வடை விற்கிறவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் பத்துச் சொல்தான் வரும். கண்ணை மூடிக் காட்டினார், கையை மீன் மாதிரி ஆட்டினார், மேற்கே நீட்டினார். மீன்காரிகளோடு போய்விட்டாள். நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. யாரோ கை நீட்டியிருக்கிறார்கள், இவள் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு செருப்பு வார் அறுந்தது, இரண்டையும் விட்டுவிட்டேன். வாசத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் ஒரே ஜெபம், அதுவும் பாதியில் நின்று நின்று முதலிலிருந்து தொடங்கியது.

கரையில் தென்னைநார்ப் பாய் வரிசை வரிசையாக விரித்து மீன் காயப்போட்டிருந்தார்கள். கவிழ்த்த கூடை ஒன்றின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. ஒவ்வொரு மீனாகத் தடவித் தடவிப் புரட்டிப் போட்டுக்கொண்டு, உப்பு பற்றாது என்று நாலைந்து பொம்பளைகளிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். என் மூச்சுச் சத்தத்திலேயே நான்தான் என்று கண்டுபிடித்தாள்.

“வந்துட்டியா. எங்கன போன?”

“அசையாதன்னு சொன்னேன்லா.”

“நீயும் இந்தா வந்துருதேன்னுதான் சொன்ன.”

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். வெகு நேரம் காத்திருந்தாளாம். யாரோ ஒரு நல்ல மனிதர், வழி தெரியாமல் தவிக்கிறாள் என்று நினைத்து, இரண்டு தடவை கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றப் பார்த்தாராம். இனி அங்கே இருந்தால் மன்னாரில்தான் விழிப்போம் என்று பயந்துவிட்டாள். அந்த நேரம் கூடையோடு போன பொம்பளைகள் உப்பு விலை பேசிக்கொண்டு போனது தமிழில் காதில் விழுந்திருக்கிறது. கருவாடு காயப்போடுகிற இடத்துக்கு என்னையும் கூட்டிப் போங்கள் என்று அவளே கேட்டிருக்கிறாள். “வழி தப்பிட்டன்னா உன் மூக்கு இங்கனதான் கொண்டுவந்து விடும்னு தெரியும்” என்றாள்.

மதியம் இன்னொரு பஸ் இருக்கிறது என்று அங்கிருந்த ஒருத்தி சொன்னாள். சிநேகிதி உடனே எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். என்னால் எழ முடியவில்லை. இன்னொரு பஸ், இன்னொரு பஸ் ஸ்டாண்டு, இன்னொரு பலகை. அங்கே சூரியன் எந்தப் பக்கமோ, கடல் எந்தப் பக்கமோ.

“எனக்குப் பயமா இருக்குளா. என்னால கூட்டிட்டுப் போக முடியாது” என்றேன். கடல் பக்கம் மாறிப்போனதைச் சொன்னேன். பலகை வாசிக்க வராததையும் சொன்னேன்.

அவள் தட்டிவிட்ட சேலையையே மறுபடியும் தட்டினாள். அவளுக்கு ஆசை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வாளோ என்று அப்போதுதான் அன்றைக்கு நான் ரொம்பப் பயந்தேன்.

“வாசிக்க வராதுன்னு எனக்கு எப்பமே தெரியும்” என்றாள். “நான் எதுக்கு பஸ்ஸப் பாத்தா சத்தமாப் படிக்கேன்னு நெனச்ச?”

எட்டாம் வகுப்புப் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன். கண் நன்றாக இருந்த காலமெல்லாம் எந்த பஸ் வந்தாலும் பலகையை வாய்விட்டு வாசிப்பாள். பீற்றிக்கொள்கிறாள் என்று உள்ளுக்குள் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

“மாதா முகம் எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கும். அவளுக்கு என்னைய நல்லாத் தெரியும். இங்கன இருந்தே பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கூடைமேல் உட்கார்ந்தாள். பையைத் திறந்து பவுடர் டப்பாவிலிருந்து நூலை எடுத்தாள். ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டினாள், மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். நேர்ச்சை நூலளா என்று பதறினேன். காணாமல் போனவனுக்காக எடுத்த நூல்தானே என்றாள். சுற்றியிருந்த பொம்பளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீதி நாள்களை அந்த விடுதியிலும் அந்தக் கரையிலுமாகக் கழித்தோம். சொட்டு மருந்தை எடுத்து வந்தேன். பகலில் மீன் புரட்டினோம். சாயங்காலம் கடலுக்குள் சூரியன் இறங்கும்போதெல்லாம் நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டேன். அவளுக்கு அந்த வெளிச்சம் மட்டும் தெரிந்தது, நன்றாயிருக்கிறது என்றாள். அவள் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்றேன்.

ஊரில் கேட்டவர்களிடம் ரோட்டில் மழைத் தண்ணீர், பஸ் ஓடவில்லை என்றேன். அவள் பக்கத்திலேயே இருந்தாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தது. ஒரு கண்ணில் நிழல் போல் தெரிகிறது, மற்றதில் அதுவும் இல்லை. நூல் டப்பாவுக்குள் திரும்பிவிட்டது. நேர்ச்சை அப்படியே நிற்கிறது. அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். நன்மை அப்பம் வாங்க நான் மட்டும் வரிசையில் போவேன், அவள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கே சாமியார் கொண்டுவந்து கொடுப்பார். பத்தடி தூரம்தான். அதற்குள் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிடுகிறேன். பெஞ்சு காலியாக இல்லை, அவள் இருக்கிறாள். நான் திரும்பிப் பார்ப்பது அவளுக்கு எப்படித் தெரியுமோ, மடியிலிருந்து கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறாள்.